முதுகுப் பக்கத்து ஜிப்

அம்மா மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கடை வாசலில் முக்குளிக்கும்போது போடும் ரப்பர் உடைகள் ஏழெட்டு தலைகீழாகத் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் தோளுக்குத் தோள் ஓடும் பித்தளை ஜிப். மெழுகு இல்லாமல் காய்ந்துபோனால் ஜிப்பின் பற்கள் சிக்கிக்கொள்ளும். அவள் கையிலிருப்பது அப்பாவின் படத்துக்கு முன் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு. "வீணாக்கினா அவருக்குப் பிடிக்காது" என்கிறாள்.

பெயர் ஹருயோ. வயது அறுபத்தேழு. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. ஜப்பானின் இஸு தீபகற்பத்தில், மேற்குக் கரையில், எங்கள் வளைகுடாவில், அவளும் அப்பா கென்ஜிரோவும் கல்யாணமான வருடம் முதல் ஸ்கூபா முக்குளிப்பு சொல்லிக்கொடுத்து வந்தார்கள். பள்ளிக்கூடம் என்று யாராவது சொன்னால் சிரிப்பாள். "நாங்க பாக்குறத நாலு பேரும் பாக்கட்டுமேன்னு கூட்டிட்டுப் போறோம். இதுக்குப் போய்ப் பள்ளிக்கூடமா?"

அந்த நாலு பேர் இன்று பாதி ஊர். தபால்காரர், பல் வைத்தியர், கோவில் பூசாரி எல்லோரையும் முதன்முதலில் மூழ்க வைத்தவர்கள் இவர்கள். ஜனவரியில் அப்பா இறந்தார். கடலில் அல்ல, குளியலறை வாசலில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. சடங்கில் பூசாரி ஒரே மூச்சில் மந்திரத்தை இழுத்துக்கொண்டு போனபோது அம்மா என் காதில் சொன்னாள்: "தண்ணிக்குள்ள மூச்சை அடக்காத, அடக்காதன்னு உங்கப்பா இவனுக்கு எத்தனை தடவ சொல்லிக் கொடுத்தாரு, பாருடி." துக்க வீட்டில் நான் சிரித்தது அப்படித்தான்.

சாப்பாட்டு மேசையிலும் அவள் கைகள் தண்ணீருக்கடியில்தான் இருக்கும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி என்னை நோக்கிக் காட்டினால், "நல்லா இருக்கியா?" என்று அர்த்தம். நானும் வளையம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சோறு வராது. சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று கேட்கும் சைகைக்கு எங்கள் வீட்டில் "பானையில் இன்னும் இருக்கா?" என்று பொருள். அம்மா, அப்பா இருவரையும் பக்கத்து வீட்டார் ஊமை என்று நினைத்த காலம் உண்டு.

எங்கள் கடல் குளிர்ந்தது. நீர் புகாத உடை இல்லாமல் வெகுநேரம் இருக்க முடியாது. ஜிப் முதுகில் இருப்பதால் தானே போட்டுக்கொள்ளவும் முடியாது. நான் வால்வு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட குறை கண்ணில் பட்டால் திருத்தத் தோன்றும். மார்பில் ஜிப் வைத்த உடைகள் வந்துவிட்டன, தனியாகவே போட்டுக்கொள்ளலாம் என்று ஒருமுறை சொன்னேன்.

"தனியாப் போட்டுக்கிட்டு? தனியாவா முங்கப் போற?" என்றாள். அத்துடன் பேச்சு முடிந்தது.

புதிதாக வருபவர்களுக்கு அவள் முதலில் சொல்வது ஒரு கதை. கல்யாணமான புதிதில் ஒருநாள் காலை மீன் கருகியதற்காக இருவருக்கும் சண்டை. அப்பா கோபத்தோடு அவள் ஜிப்பை இழுத்தார். கடைசி இரண்டு விரற்கடை மூடவில்லை. பிப்ரவரித் தண்ணீர் முதுகில் இறங்கியது. "ஐயோன்னு கத்தக்கூட முடியல, வாயில குழாய். அதனால சொல்றேன், என்ன சண்டையா இருந்தாலும் கரையிலயே முடிச்சிடுங்க. அப்புறம் ஜிப்பைப் போடுங்க." அன்று முதல் எங்கள் கடையில் அதுதான் சட்டம். ஜிப் போடும் முன் "என் மேல கோபம் ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். மற்றவர்கள் போட்ட ஜிப்பை அம்மா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்ப்பாள். அப்பா போட்டதை, அந்தப் பிப்ரவரிக்குப் பிறகும், ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை.

அவளுடைய உடை வரிசையின் கடைசியில் தொங்குகிறது. அதற்கும் மெழுகு தேய்க்கிறாள். ஜனவரிக்குப் பிறகு போடவில்லை. காது அடைத்திருக்கிறது, முங்கினால் வலிக்கும் என்கிறாள். பழைய மாணவர்கள் முறை வைத்து ஆட்களைக் கூட்டிப் போகிறார்கள். கோடை முடிந்ததும் கடையைத் தபால்காரரிடம் கொடுத்துவிடப் போவதாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

மே மாதக் கடைசி ஞாயிறு. கணவாய் மீன்கள் முட்டையிடுவதற்காக நாங்கள் கடலடியில் கட்டிவைக்கும் மரக்கிளைகளில் வெள்ளை வெள்ளையாய்க் கொத்துகள் தொங்கும் சமயம். ஒகிதா வந்திருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவள். முங்கி வருபவர்களுக்கெல்லாம் சூப் ஊற்றி, அவர்கள் கதைகளைக் கேட்டே தலை நரைத்தவள். தலையை ஒருமுறைகூடத் தண்ணீருக்குள் விட்டதில்லை. இந்த வருடம் கணவாய் முட்டை காட்டுவதாக அப்பா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஏப்ரல் முழுக்க நீச்சல் குளத்தில் தபால்காரரிடம் பழகியும் நடுக்கம் போகவில்லை.

"இந்த உடுப்புல நான் கடல்சிங்கம் மாதிரி இருக்கேன் அக்கா."

"கடல்சிங்கத்துக்குக் கால் நடுங்காது."

"குளிருதுல்ல?"

"மே மாசத்துலயா?" அம்மா கோபம் இருக்கா என்று கேட்காமலே அவள் ஜிப்பை மூடி, தோளில் தட்டினாள். "போ. தபால்காரர் கூட்டிட்டுப் போவாரு."

"நீங்க?"

"காது அடைச்சிருக்கு."

"அஞ்சு மாசமாவா?" ஒகிதா நகரவில்லை. "நாங்க ரெண்டு பேரும் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாரு அண்ணன். ரெண்டு பேர்ல ஒருத்தர்கூட இல்லாம நான் எதுக்குப் போகணும்? கழட்டிவிடுங்க. போய் நூடுல்ஸ் வேகவைக்கிறேன்."

முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அம்மாவின் கை ஜிப்பின் பிடிவரை போனது. பிடித்தது. இழுக்கவில்லை. பிறகு உள்ளே போனாள்.

வெளியே வந்தபோது அவளுடைய உடை அவள் மேல் இருந்தது. முதுகு திறந்திருந்தது. நான் எழுந்தேன்.

"நீ இரு" என்றாள் என்னிடம். "ஒகிதா, நீ போடு."

"எனக்குத் தெரியாதே அக்கா! தப்பாப் போட்டுட்டா?"

"தண்ணி உள்ள வரும். வரட்டும், எனக்குப் பழக்கந்தான். மெதுவா இழு. நடு முதுகுல கொஞ்சம் மக்கர் பண்ணும், அவசரப்படாத. அதுக்கு முன்னாடி சொல்லு, என் மேல கோபம் ஏதாவது இருக்கா?"

"இருக்கு. அஞ்சு மாசமா என் கடைப் பக்கமே எட்டிப் பாக்கல நீங்க."

"சாயங்காலம் வர்றேன். ரெண்டு கிண்ணம் சாப்பிடுறேன். முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"இப்பப் போடு."

ஒகிதா இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தாள். நடுவில் நின்றது, காத்திருந்து மறுபடி இழுத்தாள். அவள் கை நடுங்கவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கடைசிப் பல் வரை மூடியிருந்தது. அம்மா தன் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்க்கவில்லை. அந்தக் கையை, கடலுக்குக் கூட்டிப் போக, ஒகிதாவிடம் நீட்டினாள்.