முயல் தெரிந்தால்தான் சாப்பாடு

சாப்பாடு என்று வந்துவிட்டால் அந்த வீட்டு மருமகளுக்குக் கூச்சநாச்சம் கிடையாது. கல்யாணம் பேச வந்த அன்றே, தட்டில் மிச்சமிருந்த கடைசி பிஸ்கட்டைக் காட்டி யாருக்கும் வேண்டாமா என்று ஊருக்குப் பொதுவாகக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டவள். மாப்பிள்ளை அங்கேயே விழுந்துவிட்டான்.  மாமியாராக வரப்போகிறவர் எழுந்து போய் இன்னும் நாலு பிஸ்கட்டை எடுத்து வந்து அவள் பக்கமாகத் தட்டை வைத்தார்.

வேலை செய்யும் இடத்தில் மருமகளுக்குக் கிரேன்காரி என்று பெயர். பெரிய கட்டடம் எழும்புகிற இடங்களில் ஒற்றைக் காலில் நிற்குமே உயரமான கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்து கம்பிக்கட்டையும் கான்கிரீட் வாளியையும் தூக்கித் தூக்கி வைப்பவள் அவள்தான். ஏணி ஏறி மேலே போய்விட்டால் ஷிப்ட் முடிந்துதான் இறங்க முடியும். அதனால் கூடவே ஒரு பையும் ஏறும். ரொட்டி, வாழைப்பழம், வேர்க்கடலை, பிஸ்கட், ஃபிளாஸ்கில் டீ என்று அதற்குள் ஒரு பெட்டிக்கடையே இருக்கும். அந்தப் பையைக் கட்டிக் கொடுப்பது அவள் அத்தை என்று கூப்பிடும் மாமியார். மருமகள் கட்டினால் வாசலைத் தாண்டுவதற்குள் பாதி காலியாகிவிடும் என்பது அத்தையின் கணிப்பு, அது பொய்த்ததும் இல்லை.

அத்தை சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தே தலை நரைத்தவர். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியதாலோ என்னவோ, இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மூன்றாவது வார்த்தை செலவழிக்க மாட்டார். டைல்ஸ் கடை கல்லாவை விட்டுவிட்டுக் கிரேன் பழகப் போகிறேன் என்று மருமகள் பயந்து பயந்து சொன்னபோதுகூட, "மேல காத்தடிக்கும், காதை மூடிக்க" என்றார். அதோடு சரி.

ஆனால் அந்த மாதமே சங்கடஹர சதுர்த்தி விரதம் தொடங்கிவிட்டார்.

அதுவரை அவர் விரதக்காரர் அல்ல. ஏகாதசி, பிரதோஷம், சஷ்டி எல்லாம் காலண்டரில் அச்சடித்திருக்கிறதா, இருக்கட்டும் என்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிற ஆள். அப்படிப்பட்டவர் திடீரென்று மாதம் ஒரு நாள் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீரோடு கிடக்கிறார் என்றால் மருமகளுக்கு எப்படி இருக்கும்? தன்னை வேலையை விட்டு நிறுத்தச் சொல்லிப் பிள்ளையாரிடம் மனு கொடுக்கிறார் என்று அவள் முடிவே கட்டி, தன் பங்குக்கு அதே பிள்ளையாரிடம் ஓர் எதிர்மனுவும் போட்டு வைத்தாள். கணவனைக் கேட்டாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன், எதையும் தெளிவாகப் பார்க்கச் சொல்லி ஊருக்கே உபதேசம் செய்கிறவன். அம்மாவின் மனசு மட்டும் தன் பவருக்கு எட்டாது என்று நழுவிவிட்டான்.

இந்த விரதத்தில் ஒரு சிக்கல் உண்டு. பௌர்ணமி கழிந்து நாலாம் நாள் வருவது இந்தச் சதுர்த்தி. பௌர்ணமி நிலா பொழுது சாய்ந்ததும் டாணென்று வந்து நிற்கும். நாலாம் நாள் நிலாவோ சோம்பேறி, இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் தலையைக் காட்டும். அதைக் கண்ணால் பார்த்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, அப்புறம்தான் சாப்பாடு. ஆரம்பத்தில் இது ஒரு பெரிய விஷயமாக இல்லை. மூன்றாம் மாடியில் வீடு, கிழக்கைப் பார்த்த சமையலறை ஜன்னல். எதிரே காலி மனை. நிலா எழுந்தால் நேராக அத்தை முகத்தில்தான் விழிக்கும்.

அந்தக் காலி மனையில்தான் அடுக்குமாடி கட்ட ஆரம்பித்தார்கள். கிரேன் ஓட்ட யாரை அனுப்பினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? நடந்து போகிற தூரத்தில் வேலை, கூண்டிலிருந்து பார்த்தால் நம் வீட்டு அடுப்பே தெரிகிறது என்று மருமகள் துள்ளிக் குதித்தாள். குதித்து முடிப்பதற்குள் கட்டடம் மூன்றாம் மாடியைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு மாடிக்கும் அத்தையின் பசி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. நிலா வழக்கம் போலத்தான் எழுந்தது. ஆனால் மருமகள் தூக்கி வைத்த சுவரையெல்லாம் தாண்டி ஏறி வந்தால்தானே ஜன்னலுக்குத் தெரியும்.

போதாக்குறைக்கு ஒரு மாதம் பெரிய கூத்து நடந்தது. அன்று வானம் முழுக்க மூட்டம். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டடத்துக்கு மேலே, மூட்டத்துக்கு நடுவே, வட்டமாக, மஞ்சளாக ஒன்று தெரிந்தது. கற்பூரம் காட்டினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், தட்டில் சோற்றைப் போட்டு ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் நிலா இடமும் வலமுமாக நகர்கிறது. கிரேனின் கையில் கட்டியிருந்த விளக்கு அது. அன்று மாலை அந்த விளக்கைப் போட்டவள் யார் என்பதும் ஊரறிந்த விஷயம்.

மருமகள் வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டாள். அத்தையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அத்தை கோபப்படவில்லை, அழுதிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு விளக்குக்காகவா இவ்வளவு என்று மருமகளுக்குப் புரியவேயில்லை. அடுத்த மாதத்திலிருந்து அத்தை சட்டத்தை இறுக்கிவிட்டார். வெளிச்சம் தெரிந்தால் போதாது. நிலாவுக்குள் இருக்கும் முயல் தெரிய வேண்டும். முயல் தெரிந்தால்தான் சாப்பாடு.

முயலுக்கு என்ன அவசரம்? அது பாட்டுக்கு வந்தது. அத்தைக்குச் சர்க்கரை. வேளைக்கு மாத்திரை, மாத்திரைக்குப் பின்னால் சாப்பாடு என்று டாக்டர் தலைபாடாகச் சொல்லியிருக்கிறார். கட்டடம் உச்சியைத் தொடப்போகிற சமயத்தில் ஒரு சதுர்த்தியன்று அத்தை ஜன்னலடியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியது மகன். மருமகள் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். இந்த விரதம் தன் வேலைக்கு எதிரான விரதமாகவே இருக்கட்டும், அத்தை போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு சதுர்த்தி இப்படிப் போகக்கூடாது என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

விரதத்தை விடச் சொல்லிப் பார்த்தாள். அத்தை காதில் வாங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் அத்தையின் முழங்கால் ஒத்துழைக்காது. முன்பு ஒருமுறை மகன் காரில் ஏற்றிக்கொண்டு நிலா தேடிப் போன கதையும் உண்டு. ஒவ்வொரு சிக்னலிலும் நின்று, ஒவ்வொரு கட்டடத்துக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்து, பெட்ரோல் தீர்ந்து இருவரும் வீடு திரும்பியபோது நிலா ஜன்னலில் வந்து உட்கார்ந்திருந்தது. கோயில் குருக்களைக் கேட்டபோது, நிலா தெரியாவிட்டால் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம், தோஷமில்லை என்றார். அவர் நல்லவர், அப்படித்தான் சொல்வார் என்று அத்தை அதையும் ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் மருமகள் தன் துருப்புச் சீட்டை இறக்கினாள். மேலே இருக்கிற அவளுக்கு நிலா அடிவானத்தை விட்டு எழும்போதே தெரியும். பார்த்த உடனே போனில் சொல்கிறேன், சாப்பிடுங்கள் என்றாள்.

அத்தை வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்சம் நீளமாகவே பேசினார். "நீ வயிறு நெறைய சாப்பிட்டுட்டு நிலாவைப் பாப்ப. அது வேடிக்கை. பசியோட பாக்கறவளுக்குத்தான் அது தரிசனம்."

மருமகள் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் அது வழியாகத் தெரிந்திருக்காது.

அடுத்த சதுர்த்தியன்று அவளுக்குப் பிற்பகல் ஷிப்ட். காலையில் வயிறு சரியில்லை என்று தட்டைத் தள்ளினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதுவரை ஒலித்ததில்லை. கணவன் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அத்தை வழக்கத்தைவிட ஒரு வாழைப்பழம் கூடுதலாக வைத்துப் பையைக் கட்டினார். மருமகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணி ஏறினாள். மேலே போனதும் பையை இருக்கைக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் வைத்தாள். கண்ணில் படாவிட்டால் என்ன, வாழைப்பழம் வாசனையாகவே பேசியது. கூண்டோ சின்னது.

பொழுது சாயும் நேரத்தில் அவளுக்குக் காது அடைத்தது. பயந்துபோய் லிவரை மெதுமெதுவாக நகர்த்தினாள். கொக்கி ஆடாமல் அலுங்காமல் ஊர்ந்தது. கீழேயிருந்து மேஸ்திரி வயர்லெஸ்ஸில், இன்றைக்கு என்ன கிரேன் தூங்கி வழிகிறது என்று கிண்டலடித்தார். நல்லவேளை, கான்கிரீட் லாரி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டது. அது வரும்வரை வேலையில்லை என்று சொல்லிவிட்டார்கள். எல்லாவற்றையும் பூட்டி நிறுத்திவிட்டு அவள் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள்.

ஊரின் விளிம்பில் முதலில் ஒரு செம்மை. பிறகு நிலா, ஒரு பக்கம் தேய்ந்து, பெரிதாக, மெதுவாக எழுந்தது. நாள் முழுக்கப் பட்டினி கிடந்து அதைப் பார்த்தவளுக்கு எதற்கென்றே தெரியாமல் கண் நிறைந்தது. முயலும் தெரிந்தது. காது, முதுகு, எல்லாம். திரும்பிப் பார்த்தால் எதிர்ப்பக்கம், கீழே, சமையலறை ஜன்னலில் விளக்கு. அதற்கு முன்னால் சின்னதாக அத்தை. அவருக்கு இன்னும் வெறும் சுவர்தான் தெரியும்.

போனை எடுத்தாள். "அத்தை, நிலா வந்துடுச்சு. முயல் நல்லாவே தெரியுது. நீங்க சாப்பிடுங்க."

"நீ பாத்து எனக்கென்ன?"

"நானும் இன்னிக்கு விரதம். காலையிலேர்ந்து தண்ணிதான். பசியோட பாத்தா தரிசனம்னு நீங்கதானே சொன்னீங்க?"

 ஜன்னலில் இருந்த சின்ன உருவம் கம்பியைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. அத்தை மயங்கிவிட்டாரோ என்று இவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள்.

"நீ இப்ப எங்க இருக்க? மேலயா?"

"மேலதான் அத்தை."

"அவ்வளவு ஒசரத்துல பட்டினியோடவா உக்காந்திருக்க?" அத்தையின் குரல் உடைந்துவிட்டது. "உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானேடி நான் இவ்வளவு நாளா வயித்தைக் காயப்போடறேன். நீயே மயங்கி விழுந்தா நான் எந்தப் பிள்ளையாரைப் போய்க் கேக்கறது?"

 விளக்கை நிலாவென்று நம்பிச் சாப்பிட்ட அன்று அத்தை எதற்கு அழுதார் என்பது மருமகளுக்கு இப்போது புரிந்தது. அந்த ஒரு மாதம் மருமகளுக்குக் காவல் இல்லாமல் போய்விட்டதே என்று அழுதிருக்கிறார். இவளோ அவர் தன்னை வேலையை விட்டு விரட்டப் பார்க்கிறார் என்று பிள்ளையாரிடம் எதிர்மனு போட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் அவளுக்கு முகம் எரிந்தது.

"பையைத் திற" என்றார் அத்தை.

திறந்தாள்.

"முதல்ல பழத்தை உரி. நீ சாப்பிடறது என் காதுல விழணும்."

"நீங்க?"

"தட்டு போட்டாச்சு. நீ ஆரம்பி."

"முயலைப் பாக்காமலா அத்தை?"

"அதான் நீ பாத்துட்டியே" என்றார் அத்தை. "பசியோட."

பழத்தை ஒரு கடி கடித்தாள். வாய் நிறையப் பழம், தொண்டை நிறைய அழுகை, இரண்டும் ஒன்றையொன்று வழிமறித்துக்கொண்டு நின்றன. கீழே ஜன்னலில் அத்தை உட்கார்வது தெரிந்தது. போனில் கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றது போன். "மென்னு முழுங்கு. நீ முழுங்கினாதான் எனக்கு அடுத்த வாய்."

அவள் மென்று விழுங்கினாள். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.