மாடி அக்காவின் ஒயர்

காலை பதினொரு மணிக்கு மகளுக்கு லேப்டாப்பில் இன்டர்வியூ. செம்பூரில் ஆபீஸ் வேலை. மூன்று இடங்களில் இல்லையென்று சொன்ன பிறகு வந்தது. எங்கள் வைஃபை பெட்டியை ரிப்பேருக்குக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். போன் நெட்டை நம்பி உட்கார்ந்திருந்தோம். பத்து ஐம்பதுக்கு அதுவும் நின்றது.

"வெளியே தொங்குற நம்ம நெட் ஒயரை நேரா லேப்டாப்ல சொருகிரலாம். ஜல்தி எடும்மா," என்றாள் மகள்.

தாராவியில் எங்கள் சந்து ஒயர்கள் ஜன்னலோரம் கொத்தாகத் தொங்கும். யாருடையது என்று தெரிய, அவரவர் பழந்துணியைக் கிழித்து முடிந்து வைப்போம். எங்களுடையது சிவப்பு. பதற்றத்தில் நான் துணியைப் பார்க்காமல், கைக்கு வந்த முனையை இழுத்து லேப்டாப்பின் ஓரத் துளையில் அழுத்தினேன். பச்சை விளக்கு மினுங்கியது. ஆனால் முனையில் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்தது. கையை எடுத்தால் விளக்கு அணைந்தது.

"கையை எடுத்துராத. கீழ உக்காரு, கேமராவுல தெரிவே."

மேசைக்குக் கீழே குந்திப் பிடித்துக்கொண்டேன். மேலே அவள் இங்கிலீஷில் பேசினாள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள் குரல் நடுங்குகிறதா என்பது மட்டுமே புரியும். அப்போதுதான் துணி கண்ணில் பட்டது. நீலப் புள்ளி. மாடி வீட்டு அக்காவின் நைட்டித் துணி. எங்கள் லைன் கெட்டால் எடுத்துக்கொள்ளட்டும் என்று, தன் அறை வைஃபை பெட்டியிலிருந்து அவர் இறக்கிவிட்ட ஒயர்.

அக்கா இறந்து இரண்டு மாதம். அறை பூட்டிக் கிடக்கிறது. மீட்டரில் ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று. கரண்ட் இல்லாத பெட்டி எப்படி ஓடும்?

விட்டுவிட்டு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. விட்டால் அவள் பேச்சு அறுந்துவிடும்.

அந்த நேரம் ஒயரை யாரோ மேலிருந்து லேசாக இழுத்தார்கள். காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி இழுத்தது. விரல் வலிக்க அழுத்திப் பிடித்து, வாய்க்குள்ளேயே சொன்னேன்: "அக்கா, பிள்ளைக்கு வேலை விஷயம். செத்த நேரம் விடுங்க."

இழுப்பு நின்றது. மேலிருந்து ஒரு முழம் ஒயர் தளர்ந்து என் மடியில் விழுந்தது.

அரை மணி நேரம் கழித்து மகள் குனிந்தாள். "திங்கக்கிழமை ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்கம்மா. விடு, போதும்."

விட்டேன். ஒயர் மடியிலிருந்து வழுக்கி, தரையில் ஊர்ந்து, ஜன்னல் கம்பியைத் தாண்டி மேலே போயிற்று.

"மேல யாரும்மா இழுக்கா?"

"கதவைச் சாத்திட்டு வா ஏட்டி. கோயிலுக்குப் போவோம்."