கத்தி உறைக்குத் தோல் வாங்கப் போனது

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டுக் கத்திகளுக்கெல்லாம் உறை தைத்துப் பூட்டுப் போட்டார்கள். மீன் வெட்டும் கத்தி, தேங்காய் வெட்டும் கத்தி, அப்பாவின் சவரக்கத்தி, அம்மாவின் கத்தரிக்கோல், ஒன்றும் தப்பவில்லை. தேங்காய் திருவலைக்கும் ஒன்று வேணுமென்று அம்மா சொன்னபோதுதான் அப்பா கொஞ்சம் யோசித்தார்.

அதற்குக் காரணம் நான் என்று சொன்னார்கள். மாங்காய் சீவப்போய் விரலை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விரலுக்காக வீடு முழுக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குக் கூச்சமாகவும், உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் திரிந்தேன்.

அதே கிழமை சின்னமாமாவும் கொழும்பிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அங்கே ஒரு கந்தோரில் கிளாக்கர் வேலை. வந்தால் வாசலிலேயே என்னைத் தூக்கிச் சுற்றுகிறவர், இந்த முறை நேரே கதிரையில் போய் இருந்துகொண்டார். எங்கள் ஊர் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவேயில்லை. அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ளப் பார்த்தார் என்பதும், ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாதான் போய்க் கூட்டிவந்தார் என்பதும் நான் கலியாணம் முடித்த பிறகே எனக்குத் தெரிந்தது. ஏன் அப்படிச் செய்தார் என்பது அம்மாவுக்கே கடைசிவரை தெரியாது.

அப்பா டொக்யாட்டில் படகுகளுக்குக் கன்வஸ் தைக்கிறவர். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போன பிறகும் அவருடைய ஊசிக்கு அங்கே வேலை இருந்தது. முதலில் கன்வசிலேயே ஓர் உறை தைத்துப் பார்த்தார். கத்தியின் முனை வெளியே வந்தது. தோல்தான் சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவுக்குப் புறப்பட்டார். உறையெல்லாம் எனக்காகத்தானே, நானும் வருவேன் என்று அடம்பிடித்தேன். மாமாவும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா மறித்தார்.

"நீ ஏன் ராசா வெயிலுக்குள்ள அலையிறாய்?"

"நான் பாக்காம எப்பிடியக்கா? எனக்குத்தானே..." என்று தொடங்கியவர், என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

லோஞ்சுப் படகை விட்டு இறங்கிக் கொஞ்சத் தூரத்தில், உப்புநீர்க் களப்போரமாகத் தோல் கடை. கடைக்கார நானா முதலில் ஒரு சிவப்பு ஆட்டுத்தோலை விரித்தார். பட்டு மாதிரி இருந்தது. இதுதான் வேணும் என்றேன் நான். மாமா அதன் ஓரத்தைக் காட்டி, தையல் விழுகிற மாதிரி ஊசியால் நாலு துளை போடச் சொன்னார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவை. துளை வழியே கிழிந்து வந்தது.

"இது காணாது அத்தான். நான் கிழிச்சுப்போடுவன்."

நானாவுக்கு ஒன்றும் தெரியாது. "கத்தி உறையை ஆர் தம்பி இப்பிடிப் போட்டு இழுக்கிறது?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பா களப்புப் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்தது சப்பாத்துத் தோல். தடிப்பும் இருந்தது, மினுக்கமும் இருந்தது. அதை நானாவே வேண்டாமென்றார். மருந்து போட்டுப் பதனிட்டதாம். எங்கள் உப்புக்காற்றுக்குக் கத்தி அதற்குள் கிடந்தே கறள் பிடித்துப்போகுமாம். கறள் பிடித்தால் நல்லதுதானே என்று மாமா மெல்லச் சொன்னார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஆவரம்பட்டையில் பதனிட்ட எருமைத்தோல் ஒன்று வந்தது. துளை போட்டதும் மாமா அதன் ஒரு பக்கத்தைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. தோல் அசையவில்லை. வந்த நாளிலிருந்து முதல்தரமாக அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

"இதை வெட்டுங்கோ நானா," என்றார்.

திரும்பி வரும்போது லோஞ்சில் அப்பா மாமாவின் கையைப் பிடித்தபடியே இருந்தார். கரை சேரும்வரை விடவில்லை. விரலை வெட்டிக்கொண்டவள் நான். கையைப் பிடிப்பதென்றால் என்னையல்லவா பிடிக்கவேண்டும் என்று எனக்குக் கோபம்.

உறைகளை அப்பா தைத்தார். நூலுக்கு மெழுகு பூசி இழுத்து இழுத்துக் கொடுத்தது மாமா. மூடிக்கு ஒரு பித்தளை வளையம், வளையத்தில் பூட்டு. சாவிக்கொத்து அம்மாவின் இடுப்பில். அதன் பிறகு வீடு கொஞ்சம் பழையபடி ஆனது. மாமா குசினிக்குள் வந்து அம்மாவோடு கதைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் சட்டைக் கையை மடித்துக்கூட விட்டார். அம்மா பார்த்தும் பார்க்காதவர் போல அடுப்பை ஊதினார்.

பிறகொரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சவரக்கத்தியின் உறை மேசையில் கிடந்தது. பூட்டு அப்படியே இருந்தது. தையல் ஓரமெல்லாம் பல் பதிந்திருந்தது. மாமா பக்கத்தில் கதிரையில் இருந்தார். அம்மா நிலத்தில் குந்தி, அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"தோல் நல்ல தோல்தான் அக்கா," என்றார் மாமா. "எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு. என்னைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில விடுங்கோ."

எலி கடித்துவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். நான் அலுமாரிக்குப் பின்னாலெல்லாம் எலியைத் தேடினேன்.

அப்பாவே மாமாவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்து, ஒரு காய்ச்சலில் அங்கேயே மாமா முடிந்துபோனார். அவர் புறப்பட்ட அன்று ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியதும், அம்மா அதோடு கூடவே ஓடினார். சேலைத் தலைப்பு நிலத்தில் இழுபட, "நல்லாச் சாப்பிடு ராசா, நல்லாச் சாப்பிடு" என்று மேடை முடியும்வரை கத்திக்கொண்டே போனார். சனமெல்லாம் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சுகப்பட்டுத் திரும்பி வருவார்கள். எனக்கே தெரிந்த இந்த விஷயம் அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை.