முதலில் வந்த ஓடிபி

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் ஆலைக்குள் செல்போன் கூடாது. கேட்டில் கொடுத்துவிட வேண்டும். மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்லூரி வரிசையை உறுதிசெய்யும் கடைசி நாளன்று, என் எண்ணுக்குத்தான் ஓடிபி வரும் என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சி, கேட்டுக்கு வந்து போனை வாங்கிக்கொண்டு நின்றேன்.

மகள் மணவாள நகர் பிரவுசிங் சென்டரில் இருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முதலில் கோவைக் கல்லூரி, அடுத்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது என்று போட்டிருந்தாள். அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனமில்லை. அதைச் சொல்லத் தைரியமும் இல்லை.

நாலே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.

"ஓடிபி வந்துச்சா நைனா? அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."

ஓடிபி எண் என் கண்ணெதிரே இருந்தது.

"இன்னும் வரலம்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் இன்னொரு ஓடிபி வந்தது. இரண்டு கல்லூரியுமே போய்விடுமே என்று பயந்து, நானே கூப்பிட்டுச் சொன்னேன்.

"முடிஞ்சிச்சு நைனா" என்றாள். "காத்துக்கினு இருக்கசொல்ல யோசிச்சேன். பக்கத்து காலேஜையே மொதல்ல மாத்திட்டேன். நான் தூரமா போனா நீ பேஜாராயிடுவ."

இப்போது தினமும் மாலை கல்லூரிப் பேருந்து அவளைத் தெருமுனையில் இறக்கிவிடுகிறது. நான் ஆசைப்பட்டதுதான்.

முதலில் வந்த அந்த ஓடிபியை இன்னும் போனிலிருந்து அழிக்கவில்லை. அவளிடம் காட்டவும் இல்லை.