முன்பக்கம் திறக்கும் சட்டைகள்

என் அக்கா கணவர் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். லாரி டிரைவர்களின் மொத்த எடையையும் வருடக்கணக்கில் தாங்கும் தையல் அவருடையது. ஆனால் தன் சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு அரை நாள் ஆகும். விரல்கள் அப்படி, ஒவ்வொன்றும் ஒரு வாழைப்பழம்.

அக்கா மாசமாக இருந்தபோது, குழந்தைக்குத் துணி வாங்குவதும் மாற்றுவதும் தன் வேலை என்று மாமா பிடிவாதமாக நின்றார். காரணம் அவருடைய அக்கா. அவரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் ஹெட்மிஸ் என்போம். ஒருநாள் பந்தியில் எல்லார் முன்னாலும் தம்பியிடம் சொன்னார்:

"உன் கையில குடுத்தா குழந்தைக்குக் கைய ஒரு பக்கம், கால ஒரு பக்கம் மாத்தித் தெச்சிருவ. துணி மாத்துறத நாங்க பாத்துக்கறோம். நீ தூர நின்னு வேடிக்க பாரு."

வீடு நிறைய ஆட்கள், எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்.

மறுநாள் என்னையும் கடைக்கு இழுத்துப் போனார். தலைவழியாகப் போடுவது வேண்டாம். முதுகில் பொத்தான் வேண்டவே வேண்டாம். "கழுத்தே நிக்காத ஆள எதுக்கும்மா கவுக்கணும்?" ஒவ்வொரு சட்டைக் கையிலும் வெளியிலிருந்து இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார்.

"சார், குழந்தைக்குத்தான கேட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"விரல உள்ள விட்டு அது கையப் புடிச்சு இழுக்கணும்ல. அதுவா நீட்டுமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எதிலும் விரல் நுழையவில்லை. மெல்லிய பருத்தித் துணி வாங்கிவந்து மாமாவே தைத்தார். முன்பக்கம் முழுக்கத் திறக்கும், பொத்தானுக்குப் பதில் சீட் கவருக்குப் போடும் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை. சொரசொரப்பு தோலில் படாதபடி வைத்திருந்தார்.

"எத்தன மாமா தைக்கப் போறீங்க?"

"அது ஒரு நாளைக்கு எத்தன தடவ போகும்னு சொல்லு, சொல்றேன்."

தலையணைக்குப் போட்டுப் பழகினார். தலையணை சமர்த்தாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. வார்டில் அது சட்டையை நனைத்ததும், ஹெட்மிஸ் எழுவதற்குள் மாமா முந்திக்கொண்டு வெல்க்ரோவைப் பிடித்து இழுத்தார்.

பர்ர்ர்ர்!

தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் அலறின. எங்கள் பெண்தான் தலைமை. நர்ஸ் ஓடிவந்தார். "யாரு இங்க மெத்தையக் கிழிக்கறது?"

"சிரிக்க வெக்காதீங்க, தையல் பிரிஞ்சிரும்" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிஞ்சா தெச்சுக்கலாம்" என்றார் மாமா, தலையைத் தூக்காமல்.

இனி வெல்க்ரோ கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். வேறு துணியென்று இருந்தது ஹெட்மிஸ் வாங்கிவந்த தொளதொள ஃப்ராக். முதுகு முழுக்கத் திறப்பு, பெரிய பொத்தான்கள்.

"குழந்தைய இப்படிக் குடுடா."

மாமா தரவில்லை. ஃப்ராக்கைத் திறப்பு மேலே வரும்படி விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தினார். ஃப்ராக்கின் கைக்குள் வெளியிலிருந்து விரலை விட்டு, உள்ளேயிருந்த குட்டி முஷ்டியைத் தேடிப் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவந்தார்.

"டேய், முன்பக்கம் பின்னாடி போயிருச்சுடா!"

"நான் கழட்டுற பக்கந்தான்க்கா முன்பக்கம்."

பொத்தான்களோடு போராடியதில் அவருக்கு நெற்றி வியர்த்தது. நான் உதவிக்கு எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைசிப் பொத்தான் மாட்டியபோது குழந்தை அழுகையை விட்டுவிட்டுக் கொட்டாவி விட்டது.

ஹெட்மிஸ் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பையிலிருந்து இன்னொரு ஃப்ராக்கை எடுத்துத் தம்பி மடியில் போட்டார்.

"இந்தா, அடுத்த தடவைக்கு."