பின் டயர்: நூற்று நாற்பதா, நூற்று ஐம்பதா?

டயர் கடைக்குப் பஞ்சர் என்று வருகிறவர்கள் அவசரத்தோடு வருவார்கள், தேய்ந்துபோச்சு என்று வருகிறவர்கள் சலிப்போடு வருவார்கள்; அகலமான டயர் வேண்டும் என்று வருகிறவர்கள் மட்டும் சிரித்த முகத்தோடு வந்து நம் தலையைச் சுற்ற விட்டுவிட்டுப் போவார்கள். ராமநாதபுரத்தில், ராமேஸ்வரம் ரோட்டில் எனக்குக் கடை. மருந்துக் கடையோ ஜவுளிக் கடையோ, கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எல்லோருக்கும் நான் சொல்லப்போகும் அவஸ்தை புரியும். வாங்க வருகிறவர் முடிவோடு வருவார். விற்கிற நமக்குத்தான் கடைசிவரை ஒரு முடிவுக்கும் வர முடியாது.

பார்வைக்கு ஒரு டயர்

பரமக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். சேலை வியாபாரம். அவர் பைக்கின் பின் சக்கரத்தில் 140 டயர் இருந்தது, அதாவது நூற்று நாற்பது மில்லிமீட்டர் அகலம். அவருக்கு 160 வேண்டுமாம். "ரிம் நாலு இன்ச்தான். அதில் 160 மாட்டினால் ஓரம் இறுக்கிப் பிடித்து, நடுவில் கூம்பிக்கொண்டு நிற்கும். அகலத்துக்குக் கொடுத்த காசு ரோட்டைத் தொடாது" என்று எடுத்துச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய் மதுரையில் 160ஐயே போட்டுக்கொண்டார்.

ஒரு வாரத்தில் செயின் டயரில் உரசுகிறது என்று என்னிடமே வந்து நின்றார். தள்ளிக்கொண்டு வரும்போதே கரகரவென்று தெருவுக்கே கேட்டது. கழற்றிவிடலாமா என்று கேட்டேன். வண்டிக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சத்தம் கெடக்கட்டும்ணே. பின்னாடி வாரவன் பாத்தா எப்படி இருக்கும், அதச் சொல்லுங்க."

டீச்சரின் ஒரு நாள்

இப்படிப்பட்டவர்களுக்கு மத்தியில்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். காரங்காட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பழைய முந்நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, அதில்தான் பள்ளிக்கூடம் போய் வருவார். கோயம்புத்தூர்ப் பக்கம் ரேஸ் ட்ராக்கில் பெண்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, வளைவில் சாய்ந்து ஓட்டக் கற்றுக் கொடுக்கிறார்களாம். அதற்குப் பணம் கட்டியிருந்தார். பின் டயர் மொழுக்கென்று இருந்தது. புதிது போட வேண்டும், 140 போடுவதா 150 போடுவதா என்பது கேள்வி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 150இல் ரோட்டை நன்றாகப் பிடிக்கிற மெத்தென்ற ரப்பர் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அந்த டயர் உயரம் குறைவு, வண்டியின் பின்பக்கம் இறங்கும், வளைவில் திரும்ப மந்தமாக இருக்கும் என்று சொல்வார்கள். 140இல் வண்டி சட்டென்று திரும்பும், ஆனால் ட்ராக்குக்குத் தோதான ரப்பர் கிடைப்பது கஷ்டம். "அப்ப எதுண்ணே நல்லது?" என்றார். ரெண்டும்தான் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, குரல்தான் இறங்கிவிட்டது. "யோசிச்சுச் சொல்லுங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டதே ஒரு நாளுக்குத்தான். அங்கன விழுந்தேன்னா வண்டிய வித்துருவேன்னு சொல்லிட்டாரு."

சேவியரின் கணக்கு

மறுநாள் வீட்டுக்காரரே வந்துவிட்டார். பெயர் சேவியர். காரங்காட்டில் சதுப்புக் காட்டுக்குள் சுற்றுலாக்காரர்களைப் படகில் கூட்டிப் போகிறவர். அதிகம் பேசமாட்டார். கடையில் தொங்கிய டயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, இருப்பதிலேயே தடியான ஒன்றில் கையை வைத்து, "இதப் போட்டு விடுங்க" என்றார். அது 180. டீச்சர் வண்டிக்கு உள்ளேயே போகாது. ஏன் இது என்று கேட்டேன். அகலமான வள்ளம் கவிழாது என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் அது சரி என்றே பட்டது, அதுதான் கொடுமை. பிறகு சுதாரித்துக்கொண்டு, "தம்பி, படகு சாயக் கூடாது. பைக் வளைவில் சாய்ந்தால்தான் திரும்பும். சாயத்தான் அங்கே சொல்லித் தருவார்கள்" என்று விளக்கினேன். மனுஷன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளும் சாயாமல் ஓட்டக் கற்றுக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறார். "சாயுறதுக்காண்ணே காசு கட்டிருக்கா?"

ஊரெல்லாம் கேட்டேன்

அந்த வாரம் நான் கேட்காத ஆள் இல்லை. மதுரை மொத்த வியாபாரி 150 என்றார். ட்ராக்கில் ஓட்டிப் பழகிய ஒருவர் 140 என்றார். போனில் வீடியோ போடுகிற ஒருவர் 150 என்று ஆரம்பித்து, 140 என்று முடித்தார். பயிற்சி கொடுக்கிறவரிடம் டீச்சரே பேசினார். அவர் டயரைப் பற்றி அதிகம் சொல்லாமல், பயம் இல்லாமல் வாருங்கள் என்றாராம். அதை எந்த அளவில் ஆர்டர் போடுவது?

அந்தச் சமயம், டீச்சர் வண்டிக்கு இருப்பதுபோலவே நாலு இன்ச் ரிம்மில் 150 போட்ட வேறு ஒரு வண்டி கடையில் நின்றது. டீச்சருக்காக வரவழைத்த 140ஐ அவர் வண்டியில் மாட்டிக் காற்றடித்து, இரண்டையும் டேப் வைத்து அளந்தோம். வேறு வேறு கம்பெனி டயர்கள். வித்தியாசம் என் சுண்டுவிரல் நகம் அளவுக்குக்கூட இல்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டது இதற்குத்தானா என்று இருந்தது. டீச்சர் சிரித்துவிட்டு, 140ஏ இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். டயர் மாட்டுகிற பாண்டி டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்: "அப்ப நம்பர அழிச்சுட்டு வித்தா எல்லாருக்கும் நிம்மதிதானண்ணே?"

ரவுண்டானா

புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். ஓட்டி ஓட்டித்தான் அது போகும். ட்ராக்குக்குப் போகும் முன் ஓரம் வரை தேய்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினேன். வளைவில் சாய்ந்தால்தான் ஓரம் ரோட்டைத் தொடும். சொல்லும்போது எனக்கே உறைக்கவில்லை, நம் மாவட்டத்தில் வளைவு எங்கே இருக்கிறது? தொண்டியிலிருந்து இங்கே வரைக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ரோடு. டீச்சர் கடற்கரைச் சாலையில் போய் வந்து காட்டினார். நடுவில் மட்டும் ஒரு பட்டை கறுத்திருந்தது. இரண்டு ஓரமும் கடையில் தொங்கியபோது இருந்ததுபோலவே பளபளவென்று இருந்தன.

டீச்சர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இருக்கும் ரவுண்டானாவைச் சுற்ற ஆரம்பித்திருக்கிறார். சுற்றினார், சுற்றினார், சுற்றிக்கொண்டே இருந்தார். வலது ஓரம் அருமையாகத் தேய்ந்தது. இடது ஓரம் தேய வேண்டுமென்றால் ரவுண்டானாவை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், அது எப்படி முடியும்? அதற்குள் நிழலில் நின்ற போக்குவரத்துக் காவலர் மனசு கேட்காமல் நடுரோட்டுக்கு வந்து கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். "ஏம்மா, எந்த ஊருக்குப் போகணும்? கேட்டா நாங்க வழி சொல்ல மாட்டமா?"

டீசல் வாசம்

ஒரு லோடு வண்டியில் பைக்கை ஏற்றிக்கொண்டு புருஷனும் பொண்டாட்டியும் கோயம்புத்தூர் போனார்கள். பயிற்சி நாள் காலையில் டீயை ஆறவிட்டுவிட்டு நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் விழுந்தால் அது என் டயரில் விழுந்ததாகத்தான் இருக்கும். விழாவிட்டாலும் பயந்து திரும்பி வந்தால் வண்டி போய்விடும். அப்போது போன் வந்தது. "அண்ணே, வண்டிய உள்ள விட மாட்டேங்குறாங்க. டயர்தான் பிரச்சினையாம்" என்றார் டீச்சர். 150 போட்டிருக்கணுமோ? ஓரம் தேயாததாலா? காற்று கூடிப்போச்சா? நான் அடுக்கிக்கொண்டே போக, டீச்சர் இடைமறித்தார். சோதிக்கிறவர் டயரைத் தடவி, கையை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டாராம். டயர் முழுக்க டீசல்.

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். உப்புக் காற்றுக்கு எதுவும் தாங்காது. வண்டியைக் கழுவியதும் டீசலில் பழைய ஆயிலைக் கலந்து இரும்பெல்லாம் துடைத்துவிடுவோம். சேவியர் கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் பொண்டாட்டிக்குத் தெரியாமல் உட்கார்ந்து, படகு எஞ்சினைத் துடைப்பதுபோல் வண்டியைத் துடைத்திருக்கிறார். செயின், ரிம், அதோடு இரண்டு டயரும். போக வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, போய் வா என்று சொல்லவும் வாய் வரவில்லை, கையில் துணி இருந்திருக்கிறது.

"பாத்திரம் தேய்க்கிற சோப்பும் வெந்நீரும் கேட்டு வாங்கு. தேய், கழுவு, மறுபடி தேய். முதல் சுற்றெல்லாம் மெதுவாப் போகச் சொல்லு" என்று, போனை வாங்கிய சேவியரிடம் கத்தினேன். ஆத்திரம் தாங்காமல், "ஏலே, ரப்பர் எங்கயாவது துருப்பிடிக்குமா?" என்றேன். அழுகிற குரலில் பதில் வந்தது. "நம்ம ஊர்ல எதுண்ணே துருப்பிடிக்காம இருக்கு?"

திரும்பி வந்தவர்கள்

இரண்டு நாள் கழித்து இருவரும் அதே பைக்கில் கடைக்கு வந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டீச்சரின் முகத்தைப் பார்க்கும் முன் நான் குனிந்து பின் டயரைத்தான் பார்த்தேன். இரண்டு ஓரமும் நுனி வரை தேய்ந்து சொரசொரவென்று இருந்தது. டயரைத் தேய்த்துக் கழுவியதில் பயிற்சியின் முதல் வகுப்புப் போய்விட்டதாம். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை விழாமல் ஓட்டியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கியது, காற்றுக் குழாயை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"ஆக 140தான் சரி" என்றேன், ஒரு வழியாக ஒரு முடிவு கிடைத்த தெம்பில். "எனக்குச் சரியாத்தாண்ணே இருந்துச்சு. ஆனா இதே வண்டில 150 போட்ட ஒரு பொண்ணு என்னையத் தாண்டித் தாண்டிப் போனா" என்றார் டீச்சர். சரி, அது போகட்டும், வண்டியை விற்கப் போகிறீர்களா என்று சேவியரைக் கேட்டேன். அவர் சோப்பில் தோல் உரிந்துபோயிருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவ மொத வளைவுல சாஞ்சப்ப நான் கண்ண மூடிக்கிட்டேண்ணே. தொறந்து பாத்தா அடுத்த வளைவுல போய்ட்டு இருக்கா. அவ பாட்டுக்குப் போறா, நான் மூடுனா என்ன, தொறந்தா என்ன?"

பின் டயர் எத்தனை அகலம் போடலாம் என்று யார் கேட்டாலும் இப்போதெல்லாம் யோசிக்காமல் பட்டென்று பதில் சொல்லிவிடுகிறேன், அந்தப் பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதைத்தான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.