அப்பாவின் அறைக்குப் போன தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கற்பனை செய்கிற ஆளும் நான் கிடையாது. பதினோரு வருஷம் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். "பில் தப்பு" என்று கத்துகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற சீட். யார் பொய் சொல்கிறார்கள், யார் நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலை போனது. அப்பா அப்போது முதியோர் இல்லத்தில் இருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க என் ஒருத்தியால் முடியவில்லை. வேலை போனதை அவரிடம் சொல்லவில்லை. இல்லத்து மேனேஜரிடம் மட்டும் தவணை கேட்டேன். கையைக் காலைப் பிடித்து ஐந்து மாதம் ஓட்டினேன். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா எப்போதோ போய்விட்டாள். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணமும் அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க ஒரு மனுஷர் இருந்தார், அவரும் இல்லை. ராங் நம்பர் வந்தால்கூட இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருத்தர், "மேடம், நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்பா இறந்து மூன்று வாரம் கழித்து இல்லத்திலிருந்து பில் வந்தது. பழைய பாக்கி மொத்தமாக ஒரே வரியில் இருந்தது. அது தெரிந்த கதைதான். அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தலை சுற்றியது. அப்பா இறந்த மறுநாளிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குக் காசு போட்டிருந்தார்கள்.

நேரே போனேன். மேனேஜர் ரொம்ப நிதானமாகப் பேசினார். கணக்கு முடிகிற வரைக்கும் அறை அப்பா பேரில்தான் இருக்குமாம். அறை இருந்தால் சமையலறையில் அவர் பேர் போட்ட அட்டை இருக்கும். அட்டை இருந்தால் தட்டு போகும். அதுதான் அங்கே வழக்கம்.

"செத்துப்போனவருக்கா சார் சாப்பாடு?"

"தொடாம திரும்பி வந்தா நாங்க காசு போடறதே இல்லம்மா. தட்டு காலியால்ல வருது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எவனோ ஒருத்தன் உள்ளே புகுந்து மூக்குப் பிடிக்கத் தின்கிறான், தண்டம் நான் அழ வேண்டுமா? பாக்கியையே எப்படிக் கட்டப்போகிறேன் என்று தூக்கமில்லை. இதில் நாளுக்கு நாள் ஏறுகிற கணக்கு வேறு. நானே உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். தாராளமாக உட்காருங்கள், யாரும் சாப்பிடவில்லை என்றால் அந்தக் கணக்கை அடித்துவிடுகிறேன் என்றார்.

அங்கே இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே வந்துவிடும். அன்று சாயங்காலம் மழை. ஐந்தரைக்கே இருட்டிவிட்டது.

அப்பாவின் அறை நடையின் கடைசியில் இருந்தது. கட்டிலில் விரிப்பு இல்லை. ரெக்சின் உறை போட்ட மெத்தை மட்டும் கிடந்தது. பக்கத்தில் சின்ன மேஜை. ஒரு நாற்காலி. அலமாரியைத் திறந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு ஈ காக்கை இல்லை.

சரியாக ஆறு மணி. வண்டி தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். அங்கே எல்லாரும் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூடி போட்ட தட்டை மேஜையில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, பேசாமல் போய்விட்டாள்.

மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மசித்த உருளைக்கிழங்கு. வேகவைத்த கேரட். இரண்டு துண்டு ரொட்டி. ஆவி பறந்தது. திரும்ப மூடினேன். கதவை உள்ளே தாழ் போட்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தேன்.

வரட்டும் திருடன். இன்றைக்கு இருக்கிறது அவனுக்கு.

பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். மழை ஜன்னலில் அடித்தது. எனக்கே சிரிப்பு வந்தது. ஒரு தட்டுச் சாப்பாட்டுக்குக் காவல்! காலையிலிருந்து நானும் எதுவும் சாப்பிடவில்லை.

ஆறு பதினைந்து. மழைச் சத்தம் சட்டென்று நின்றது. ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. இருமலும் இல்லை.

பிறகு... 'சர்ர்ர்...'

ரெக்சின் சத்தம். யாராவது மெத்தையில் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

கட்டிலைப் பார்த்தேன். மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குமோ, அவ்வளவு. அப்படியே நின்றது.

எழுந்து ஓட நினைத்தேன். கதவுக்குப் போக அந்தக் கட்டிலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அடுத்த சத்தம் மேஜையிலிருந்து வந்தது. மூடி அசையவில்லை. சத்தியமாக அசையவில்லை. அதற்குள்ளே... மெல்லுகிற சத்தம். பல் இல்லாத வாய் குதப்புகிற சத்தம். விழுங்குகிற சத்தம்.

"அப்பா?"

சத்தம் நின்றது.

மூடியையே பார்த்தேன்.

திரும்ப ஆரம்பித்தது. இன்னும் வேகமாக. அவசர அவசரமாக. யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி...

இது அப்பா இல்லை என்று நினைத்தேன். அப்பா ஒரு வாய்க்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு, ஆற அமரச் சாப்பிடுகிறவர். வீட்டில் இருந்தபோது அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்புவதற்குள் எனக்கு ஆபீசுக்கு நேரமாகிவிடும். அப்பா இப்படி அள்ளி அள்ளித் தின்னவே மாட்டார்.

அப்படியென்றால்... இது யார்?

ஆறு இருபத்திரண்டு. சத்தம் அடங்கியது.

மூடியைத் தூக்கினேன். உள்பக்கம் சூடாக இருந்தது. ஆவி துளித் துளியாக நின்றது.

தட்டில் ஒரு துணுக்கு இல்லை.

துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

கதவைப் பார்த்தேன். தாழ் போட்டபடியே இருந்தது.

மெத்தை இன்னும் அமுங்கித்தான் இருந்தது.

அப்போது தட்டு நகர்ந்தது.

'கர்ர்ர்...'

மேஜையில் உரசிக்கொண்டு... என் பக்கம்.

இன்னும் கொஞ்சம் போடு என்று நீட்டுகிற மாதிரி.

தாழை எப்படித் திறந்தேன், எந்தப் படியில் இறங்கினேன், தெரியாது. மழையில் நனைந்துகொண்டு தெருவில் நின்றேன். யாருக்காவது போன் பண்ண வேண்டும் என்று எடுத்தேன். யாருக்குப் பண்ணுவது?

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். அப்படித் தின்கிறவர் இல்லைதான், ஆனாலும் அது அப்பாதான் என்று மனசு சொன்னது. பாக்கி நிற்பதால்தான் அவரால் போக முடியவில்லை, கணக்கை முடித்தால் நிம்மதியாகப் போய்விடுவார் என்று தோன்றியது. என் ஸ்கூட்டரை விற்றேன். வருஷக்கணக்காகப் பேச்சே இல்லாத ஒரு அத்தையிடம் போய் நின்று கொஞ்சம் கடன் வாங்கினேன். இல்லத்துக்குப் போய் மொத்தமாகக் கட்டினேன். அந்தச் சாப்பாட்டுக் காசையும் சேர்த்துத்தான். அடித்துவிடச் சொல்லி நான் கேட்கவில்லை. மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அறையை நிறுத்துகிற தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். என் கண் எதிரிலேயே சமையலறைக்குப் போன் போட்டு அப்பாவின் அட்டையை எடுக்கச் சொன்னார். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

வெளியே வரும்போது தட்டக்கா வண்டியோடு எதிரே வந்தாள். சாயங்காலச் சாப்பாட்டு நேரம். யாரிடமாவது அப்பாவைப் பற்றிப் பேச வேண்டும் போலிருந்தது. அவளும் அவருக்கு எத்தனையோ வேளை பரிமாறியவள்தானே.

"அப்பா கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டாராக்கா?"

அவள் வண்டியை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. பாக்கி நிக்குதுன்னு ஆபீஸ்ல யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க. அன்னிலேர்ந்து தட்டத் தொடல. தொடாத தட்டுக்குக் காசு இல்லன்னு அவருக்குத் தெரியும். காலைல ரெண்டு வாய் பால், அவ்வளவுதான். 'அப்படியே எடுத்துட்டுப் போம்மா, எம் பொண்ணு பாவம், அவகிட்ட சொல்லிடாத'ம்பார். ரெண்டு மாசம் அப்படியே ஓட்டினார்."

நான் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் போனதுக்கப்புறந்தான்மா, தட்டு காலியா வர ஆரம்பிச்சது."

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடையின் கடைசி வரைக்கும் போனாள். ஒவ்வொரு கதவாக நின்று தட்டு வைத்தாள். அப்பாவின் அறைக் கதவு முன்னால் மட்டும் நிற்கவில்லை.

நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்தான்.